சிங்கப்பூரில் வேலை

என் மகன் சிங்கப்பூரில் இரண்டரை வருஷம் வேலை பார்த்தான். சரக்குக் கிடங்கில் சூப்பர்வைசர். அறையில் ஐந்து பேர், எல்லாரும் ஜொகூர்ப் பையன்கள். சாப்பாட்டுக்குத்தான் கொஞ்சம் சிரமம். மலேசியாவில், கெடா மாநிலத்துப் பீடோங்கில், எங்கள் தாமான் குடியிருப்பில் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். அவர்களுக்குச் சொன்னது நான்தான்.

அவன் இருந்தது பக்கத்துப் பேராக் மாநிலத்தில், தைப்பிங்கைத் தாண்டி உள்ளே போகும் ஒரு கம்பத்துச் சாலையின் கோடியில். ஒரு பாஸ்டர் நடத்தும் மறுவாழ்வு இல்லம். எங்கள் வீட்டிலிருந்து காரில் இரண்டு மணி நேரம்கூட ஆகாது.

இதை எழுத அவனிடம் சம்மதம் கேட்டேன். "பேரு மட்டும் போடாதீங்கப்பா, மத்ததெல்லாம் எழுதுங்க" என்றான். சரி, எழுதுகிறேன்.

செம்பனை (பாமாயில்) ஆலையில் 31 வருஷம் திம்பாங்கில், அதாவது லோரி எடைமேடையில், உட்கார்ந்தவன் நான். குலை ஏற்றிய லோரி உள்ளே வரும்போது ஒரு நிறுவை, இறக்கிவிட்டு வெறுமனே போகும்போது ஒரு நிறுவை. கழித்தால் வருவதுதான் கணக்கு. டயரில் ஒட்டிய மண்ணையும் குலைக்கு அடியில் ஒளித்த கல்லையும் பார்த்தவுடன் கண்டுபிடித்துவிடுவேன் என்று டிரைவர்கள் மத்தியில் எனக்கு ஒரு பெயர் உண்டு. அப்பேர்ப்பட்டவன் வீட்டில் ஒரு வருஷமாக என்னென்னவோ குறைந்துகொண்டே போனது, எனக்குத் தெரியவில்லை.

முதலில் காணாமல் போனவை உறிஞ்சுகுழல்கள். பேத்திக்கு வாங்கி வைக்கும் பெட்டி மைலோவில் ஒட்டியிருக்குமே, அது. பெட்டி இருக்கும், குழல் இருக்காது. அப்புறம் சமையலறை அலுமினியத் தாள். அப்புறம் பித்தளைக் குத்துவிளக்கு. அதைக் கோவிலில் யாரோ இரவல் வாங்கியிருப்பார்கள் என்று மனைவி நினைத்தாள். கடைசியில் கேஸ் தோங், அதாவது சிலிண்டர். ஒரு நாள் மத்தியானம் குழம்பு கொதிக்கும்போது அடுப்பு அணைந்தது. பின்கட்டில் எப்போதும் இன்னொரு தோங் இருக்கும். போய்ப் பார்த்தால் தரையில் வட்டமாக ஒரு துருக்கறைதான் இருந்தது. கடைக்காரப் பையன் கொண்டுவந்து போட மறந்திருப்பான் என்று அவனைத் திட்டிவிட்டேன், பாவம். அடுத்த மாதமும் அதே வட்டம். அன்றைக்குத்தான் நானும் அவளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நின்றோம். சாயங்காலம் இரும்புக் கடைக்குப் போய்ச் சங்கிலியும் பூட்டும் வாங்கி வந்து தோங்கை ஜன்னல் கம்பியோடு கட்டினேன். மகனுக்கு என்ன ஆயிற்று என்று கேட்பதற்கு முன்னால் தோங்கைப் பூட்டியவன் நான். இதையும் எழுத வேண்டும்.

அவன் பட்டர்வொர்த் பக்கம் ஒரு தொழிற்சாலையில் 12 மணி நேர ஷிப்டில் இருந்தான். தொடர்ந்து நான்கு இரவு. தூங்கி விழாமல் இருக்க ஒரு கூட்டாளி கொடுத்தது, அப்படித்தான் ஆரம்பம். சாபு என்கிற போதைப்பொருள். ஐஸ் என்றும் சொல்வார்கள். வீட்டில் இரண்டு நாள், மூன்று நாள் சேர்ந்தாற்போலத் தூங்காமல் இருப்பான். ஒரு ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து போகிறேன், வாசலில் விளக்கைப் போட்டுக்கொண்டு மோட்டார் சைக்கிளின் கார்புரேட்டரைப் பிரித்துப் பழைய செய்தித்தாளில் பரப்பியிருக்கிறான். ஒவ்வொரு திருகும் உயரப்படி வரிசையாக. ஒரு சின்னப் பித்தளை ஊசியை எடுத்துத் துடைக்கிறான், வைக்கிறான், திரும்ப எடுத்துத் துடைக்கிறான். "நல்லா ஓடிட்டிருக்கிற மோட்டாரை ஏன்டா பிரிக்கிற?" என்றேன். "சத்தம் வருதுப்பா" என்றான். எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. ஆனாலும் பிள்ளை வேலையில் என்ன கருத்து என்று மெச்சி, உள்ளே போய் ஒரு காப்பி கலக்கிக் கொண்டுவந்து கொடுத்தேன். வாங்கிப் பக்கத்தில் வைத்தான். காலையில் பார்த்தபோது காப்பி அப்படியே இருந்தது, மேலே எறும்பு. கார்புரேட்டர் திரும்ப மூன்றாவது முறையாகப் பிரிந்து கிடந்தது.

அதற்கப்புறம் நடந்தது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். வட்டிக்கு விடும் ஆலோங் ஆள்கள் கேட்டில் சிவப்புச் சாயம் ஊற்றினார்கள். சேமநிதியிலிருந்து எடுத்து 3,000 வெள்ளி கட்டினேன். நான்கு மாதம் கழித்து இன்னொரு 2,000. கடன் தீர்ந்துவிட்டால் பிள்ளை தீர்ந்துவிடுவான் என்று ஒரு கணக்கு. ஒவ்வொரு முறை கட்டும்போதும் அவனுக்கு அடுத்த கடன் வாங்கும் தகுதியை நான்தான் புதுப்பித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன் என்பது ரொம்பப் பின்னால் புரிந்தது.

என் தாத்தா இங்கே ஹார்வர்ட் தோட்டத்தில் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர். யுத்தம் முடிந்த கையோடு, 1946, 47 வாக்கில், அந்தத் தோட்டத்தில்தான் ஏ.எம். சாமி தலைமையில் தொண்டர் படை எழுந்தது. கள்ளுக்கடையை மூடு என்று மறியல் செய்தார்கள். காலையெல்லாம் உழைத்து வாங்கிய கூலி சாயங்காலம் தோட்டத்துக் கள்ளுக்கடைக்கே திரும்பிப் போய்க்கொண்டிருந்த காலம். அந்தக் கூட்டத்தில் தாத்தாவும் நின்றார் என்பது எங்கள் குடும்பப் பெருமை, கல்யாண வீடுகளில் நானே பலமுறை சொல்லியிருக்கிறேன். கள்ளுக்கு ஒரு கடை இருந்தது, கடைக்கு நேரம் இருந்தது. குடித்தவன் தள்ளாடி வருவதை லயத்து வீடெல்லாம் பார்த்தது. சாபுவுக்குக் கடையும் கிடையாது, வாயில் வாடையும் கிடையாது. போனில் கேட்டால் மோட்டாரில் கொண்டுவந்து கேட் முன்னால் கொடுத்துவிட்டுப் போகிறான். தாத்தாவே இருந்தாலும் எந்த வாசலில் போய் நின்று மறியல் செய்வார்?

கடைசியில் ஏ.ஏ.டி.கே. அலுவலகத்துக்குப் போனேன். தேசிய போதைப்பொருள் தடுப்பு நிறுவனம் என்று பத்திரிகையில் எழுதுவார்களே, அது. அங்கே இருந்த மலாய் அதிகாரி என் வயதுக்காரர், பொறுமையாகச் சொன்னார். 1983-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒருவன் தானாகவே சிகிச்சைக்கு மனு செய்யலாம். பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் அப்பா அம்மா கையெழுத்துப் போடலாம். உங்கள் மகனுக்கு 22, அவன்தான் வந்து போட வேண்டும். பிடிபட்டு மாஜிஸ்ட்ரேட் முன்னால் போனால் அது வேறு. உத்தரவு போட்டால் மையத்தில் 2 ஆண்டு, வெளியே வந்து கண்காணிப்பில் 2 ஆண்டு. (2024-இல் இந்தச் சட்டத்தைத் திருத்தியிருக்கிறார்கள். இப்போது போகிறவர்கள் புதிதாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், நான் சொல்வது 2019-இன் நிலவரம்.) எனக்கு அவர் சொன்னதில் ஒன்றுதான் காதில் தங்கியது. அவன்தான் வர வேண்டும். திம்பாங்கில் லோரியை ஏற்றுவது டிரைவர்தான், நான் பக்கத்தில் நின்று தள்ள முடியாது.

சுங்கைப்பட்டாணி டாக்டர் ஒருவரிடமும் கேட்டேன். ஹெராயினுக்கு மெத்தடோன் என்று ஒரு மருந்து இருக்கிறது, 2005-இலிருந்து நம் நாட்டில் கொடுக்கிறார்கள். சாபுவுக்கு அப்படி ஒன்று கிடையாது என்றார். நிறுத்தினால் முதலில் தூங்குவான், கண்டபடி சாப்பிடுவான், அப்புறம் எதிலும் பிடிப்பில்லாமல் சோர்ந்து கிடப்பான், அந்தச் சோர்வில்தான் கவனமாக இருக்க வேண்டும். மூளை பழைய நிலைக்கு நெருங்க ஒரு வருஷத்துக்கு மேல்கூட ஆகலாம். திரும்ப விழுவானா என்றேன். நூற்றுக்கு 40 முதல் 60 பேர் திரும்ப விழுவதாக அமெரிக்க அரசாங்கத்தின் ஆய்வு நிறுவனம் சொல்கிறது என்றார். பிறகு என் கார்டைப் பார்த்துவிட்டு, "நீங்க பிரஷர் மாத்திரையை நடுவுல விட்டதே இல்லையா?" என்று கேட்டார். நான் வாயை மூடிக்கொண்டேன்.

பாஸ்டரின் இல்லத்தைச் சொன்னது என் மருமகன். 2019 செப்டம்பரில் மகன் வருகிறேன் என்று ஒத்துக்கொண்டான், அதுவும் அம்மாவின் தோடு அடகுக் கடையில் கிடைத்த அன்று. மனைவிக்கு வேறு கவலை. "வேதத்துல சேத்துருவாங்களாங்க?" என்று வழி நெடுக. பாஸ்டர் அவளிடம் சொன்னார்: "அம்மா, இங்கே காலையில ஜெபம் இருக்கு, உட்காரணும். திருநீறு பூசிக்கிட்டு உட்கார்ந்தாலும் எனக்கு ஒண்ணுமில்லை." அவரே 14 வருஷம் ஹெராயினில் கிடந்து எழுந்தவர். முழங்கையின் உள்பக்கத்தைச் சட்டையால் மறைக்க மாட்டார்.

முதல் மூன்று மாதம் போன் கிடையாது. பணம் ஒரு காசு கொடுக்கக் கூடாது. சாப்பாடு கொண்டுவரலாம், ஆனால் தன் பிள்ளைக்கு மட்டும் என்று கொண்டுவரக் கூடாது. கொண்டுவந்தால் 23 பேருக்கும். முதல் சந்திப்புக்கு மனைவி நான்கு கோழி வாங்கினாள், கோவில் அண்டாவை வாங்கி வந்து, விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து குழம்பு வைத்தாள். கார் முழுக்க மசாலா வாசனை. அங்கே அவளே கரண்டியைப் பிடித்துக்கொண்டு வரிசையில் வந்த ஒவ்வொருவனுக்கும் ஊற்றினாள். எங்கள் மகன் பதினேழாவது ஆளாக வந்தான். தட்டை நீட்டினான். மற்றவர்களுக்குக் கொடுத்த அளவுதான் ஊற்றினாள், இரண்டு துண்டு. கொஞ்சம் தள்ளிப் போனதும் அவன் திரும்பிப் பார்த்தான், அவள் அடுத்த பையனுக்கு ஊற்றிக்கொண்டிருந்தாள். எனக்கோ அவனைப் பார்த்ததும் கண் தானாக எடை போட்டது. போகும்போது 47 கிலோ, இரண்டு மாதத்தில் 58. அங்கே ஒரு தராசு இருந்தது, கேட்டு ஏறி நிற்கச் சொன்னேன். 58 புள்ளி 4.

அன்றைக்குச் சாப்பாட்டுக்குப் பிறகு பெற்றோரை மட்டும் உட்காரவைத்து பாஸ்டர் ஒரு கேள்வி கேட்டார். "உங்க பிள்ளைங்க இப்ப எங்கே இருக்காங்கன்னு ஊருல சொல்லியிருக்கீங்க?" யாரும் வாய் திறக்கவில்லை. அவரே விரல் மடக்கினார். "சிங்கப்பூரு யாரு யாரு?" ஒரு கை, இரண்டு கை, தயங்கித் தயங்கி ஒன்பது கை. ஒருத்தர் கே.எல். ஒருத்தர் மகன் கப்பலில். ஓர் அம்மா, மகன் கேமரன் மலையில் தக்காளித் தோட்டத்தில் இருக்கிறான் என்று சொல்லி வைத்திருந்தார். அவரைப் பார்க்க வருகிறவர்கள் தக்காளி கேட்கிறார்களாம். எல்லாரும் சிரித்தோம். கண்ணில் தண்ணீர் வரும் வரைக்கும் சிரித்தோம். பாஸ்டரும் சிரித்துவிட்டு, "இவனுங்க பொய் சொல்லாம ஒரு நாள் இருக்கணும்னு நான் இங்கே போராடிக்கிட்டு இருக்கேன்" என்றார். நான் அதை ஒரு நல்ல நகைச்சுவையாக எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

பொய்க்கும் தினம் தீனி போட வேண்டும். பக்கத்து வீட்டில் சிங்கப்பூர் வெள்ளி இப்போது எவ்வளவு போகிறது என்று கேட்பார்கள், காலையிலேயே பேப்பரில் பார்த்து வைத்துக்கொள்வேன். தீபாவளிக்கு ஏன் வரவில்லை என்பார்கள், கிடங்கில் அன்றைக்குத்தான் சரக்கு இறங்குகிறது என்பேன். செய்தித்தாளில் 'போதைப்பித்தர் கைது' என்று வரும்போது கடையில் எல்லாரும் போலவே நானும் ச்சு கொட்டிவிட்டுப் பக்கத்தைத் திருப்பிவிடுவேன்.

இப்படி இருக்கையில் 2020 மார்ச் 18 வந்தது. கோவிட் நடமாட்டக் கட்டுப்பாடு. ஜொகூர் பாலம் மூடிவிட்டது, சிங்கப்பூரில் வேலை செய்த நம் பிள்ளைகள் அங்கேயே மாட்டிக்கொண்டார்கள். என் பொய்க்கு அரசாங்கமே வந்து முத்திரை குத்தியதுபோல ஆயிற்று. ஊரே எங்களுக்காகப் பரிதாபப்பட்டது. "உங்க பையன் அங்கே தனியா என்ன பண்றானோ" என்று ஒரு பாட்டி, எங்கள் தோட்டத்தில் பாலெடுத்தவர், கோவிலில் அர்ச்சனையே செய்துவிட்டார். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு நிம்மதியாக இருந்தது. கேள்வியே இல்லை. மனைவி மட்டும் அந்தப் பாட்டி கொடுத்த பிரசாதத்தை வாங்கிக்கொண்டு வந்து மேசையில் வைத்துவிட்டு, அன்று முழுக்க என்னோடு பேசவில்லை.

செப்டம்பரில் அவனுக்கு 12 மாதம் முடிந்தது. பாஸ்டர் போன் செய்தார், பையன் வீட்டுக்கு வரலாம். அப்புறம் போனை அவனிடம் கொடுத்தார். "அப்பா, சனிக்கிழமை வந்து கூட்டிட்டுப் போறீங்களா?" என்றான்.

நான் சொன்னது இது: "இப்ப எப்படிப்பா வருவ? பார்டர் இன்னும் தொறக்கலையே."

அவன் சிரிப்பான் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பின்னால் யாரோ பாத்திரம் கழுவும் சத்தம் மட்டும் கேட்டது. "ஆமாப்பா. தொறக்கலதான்" என்றான்.

ஊரில் கேட்டால் என்ன சொல்வது, எப்படி வந்தான் என்று சொல்வது, இன்னும் இரண்டு மூன்று மாதம், எல்லை திறந்ததும் வந்துவிடலாம் என்று நான்தான் அவனுக்கு விளக்கினேன். அதுவரைக்கும் பட்டர்வொர்த்தில் ஓர் அறை எடுத்துத் தங்கட்டும், வாடகை நான் கட்டுகிறேன். தைப்பிங்கிலிருந்து பீடோங் வருவதற்கு எந்த எல்லையும் மூடியிருக்கவில்லை அப்போது. மூடியது நான். பழைய தொழிற்சாலை, பழைய கூட்டாளி, சாயங்காலமானால் தனி அறை. எத்தனை வாரத்தில் திரும்ப எடுத்தான் என்று அவனும் சொல்லவில்லை, நானும் கேட்டதில்லை. நவம்பரில் வாடகைக்கு அனுப்பிய பணம் வாடகைக்குப் போகவில்லை என்று வீட்டுக்காரர் சொன்னபோது தெரிந்தது.

டிசம்பரில் ஒரு ராத்திரி அவனே கூப்பிட்டான். "அப்பா, என்னைத் திரும்பக் கொண்டுபோய் விடுங்க. நானே கையெழுத்துப் போடறேன்." டிசம்பர் 7-இலிருந்து மாநிலம் விட்டு மாநிலம் போகலாம் என்று விட்டிருந்தார்கள். மறுநாளே போனோம். காரில் பின் சீட்டில் அம்மா மடியில் தலை வைத்துத் தூங்கிக்கொண்டே வந்தான், 23 வயதுப் பையன், காலை மடக்க இடமில்லாமல். இறங்கும்போது கேட்டான்: "இந்தத் தடவ எந்த ஊருப்பா?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை.

ஜனவரி 13-ஆம் தேதி திரும்பவும் அடைத்தார்கள். அந்த அடைப்பு மாநில எல்லைக்கு அக்டோபர் 11 வரைக்கும் இருந்தது. ஒன்பது மாதம் அவனைப் பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை 10 நிமிஷம் போன். இந்த முறை நான் செய்தது அதிகம் ஒன்றும் இல்லை. பணம் அனுப்பவில்லை. புத்திமதி சொல்லவில்லை, அது ரொம்பக் கஷ்டமாக இருந்தது. பாஸ்டர் சொன்னபடி பெற்றோர் எங்களுக்குள் ஒரு வாட்ஸ்அப் குழு, புதன்கிழமை ராத்திரி பேசுவோம். கேமரன் மலை அம்மாதான் எல்லாருக்கும் தைரியம் சொல்வார். அவர் மகன் 2021-இல் ஓடிப்போனான். அதற்கப்புறமும் அவர் புதன்கிழமை தவறாமல் வந்தார்.

2022 மார்ச் 26, சனிக்கிழமை, அவனைக் கூட்டி வந்தேன். ஏப்ரல் 1-ஆம் தேதி சிங்கப்பூர் எல்லை முழுசாகத் திறக்கப் போகிறது என்று அறிவித்திருந்த சமயம். மறுநாள் காலை பசியாற இரண்டு பேரும் வழக்கமான கடைக்குப் போனோம். ஜெராய் மலை அன்றைக்கு மேகம் இல்லாமல் தெளிவாகத் தெரிந்தது, அதைப் பார்த்துக்கொண்டே அவன் மெதுவாக நடந்தான்.

கடைக்காரர் கல்லாவிலிருந்தே சத்தம் போட்டார். "அடடே தம்பி! என்ன, பார்டர் ஒண்ணாம் தேதிதானே தொறக்குது? எப்படி வந்த?"

கடையில் பாதி மேசை திரும்பிவிட்டது. நவம்பரிலிருந்தே வி.டி.எல். பஸ் ஓடிக்கொண்டிருந்தது, ஊசி போட்டவர்கள் அதில் வரலாம். அந்தப் பதில் என் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. வாயைத் திறந்தும்விட்டேன்.

"நான் சிங்கப்பூருக்குப் போகல அங்கிள்" என்றான் மகன். "ஹோம்ல இருந்தேன். சாபு எடுத்துக்கிட்டு இருந்தேன், அதுக்கு."

இரைச்சலோடு ஓடிக்கொண்டிருந்த பழைய மின்விசிறிச் சத்தம் அப்போதுதான் எனக்குக் கேட்டது. கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் மேசையில் இருந்த சர்க்கரை டப்பாவைப் பார்த்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை, அவர் ஒரு துணியை எடுத்து எங்கள் மேசையைத் துடைத்தார், சுத்தமாக இருந்த மேசையை. "தோசையா, ரொட்டி சானாயா?" என்றார்.

"தோசை" என்றான். "ரெண்டு."

ஊருக்கு முழுசாகப் பரவ மூன்று நாள் ஆனது. ஒரு வீட்டில் எங்களுக்குக் கல்யாணப் பத்திரிகை வைக்கவில்லை. அர்ச்சனை செய்த பாட்டி வந்து என்னைத் திட்டிவிட்டுப் போனார், சாமியிடம் தப்பான ஊரைச் சொல்ல வைத்துவிட்டேனாம். நியாயம்தான். இருட்டியபிறகு பின்வாசல் வழியாக வந்து இல்லத்தின் போன் நம்பரைக் கேட்டு வாங்கிப் போனவர்கள் இதுவரைக்கும் ஐந்து பேர். யார் என்று எழுத மாட்டேன்.

அவன் இப்போது டயர் கடையில் வேலை செய்கிறான். ஞாயிற்றுக்கிழமை பெற்றோர் சந்திப்புக்கு அவனும் வந்து புதுப் பையன்களோடு உட்காருகிறான். ராத்திரி அவன் வர நேரமானால் இன்னமும் எனக்கு வயிற்றைப் பிசைகிறது. மோட்டார்ச் சத்தம் கேட்டதும் மனைவி எழுந்து போய்த் தண்ணீர் குடிப்பதுபோல அவன் கண்ணைப் பார்த்துவிட்டு வந்து படுப்பாள். அவனுக்கும் அது தெரியும், நின்று காட்டிவிட்டுத்தான் அறைக்குப் போகிறான்.

கேஸ் தோங்கின் சங்கிலியைக் கழற்றிவிடலாம் என்று அவன் வந்த முதல் வாரமே சொன்னேன். "இருக்கட்டும்பா" என்றான். போன மாதம் சமைக்கும்போது கேஸ் தீர்ந்தது. நாட்காட்டிப் பக்கத்து ஆணியிலிருந்து சாவியை எடுத்தான், பூட்டைத் திறந்தான், காலித் தோங்கை வெளியே உருட்டிவிட்டுப் புதியதை உள்ளே தூக்கி வைத்து மாட்டினான். சோப்புத் தண்ணீர் தடவிக் கசிகிறதா என்று பார்த்தான். அப்புறம் சங்கிலியைச் சுற்றிப் பூட்டி, ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு, சாவியை அதே ஆணியில் மாட்டினான்.